வாகனம் வராத மண்பாதையில் சைக்கிள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடும்பமும் ஓய்வு நேரமும் என்ற இன்றைய தலைப்பில் எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி சைக்கிள். இதில் பேச என்ன இருக்கிறது, கடைக்குப் போனால் கிடைக்கிறது, ஏறி ஓட்ட வேண்டியதுதானே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பெற்றோர்களிடம் பேசிப் பாருங்கள். "பிள்ளை சைக்கிள் கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா?" என்பது அவர்களுடைய முதல் கேள்வி. "வாங்கிக் கொடுத்தால் எங்கே ஓட்டுவான்?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்குப் பணம் இருந்தால் பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியாமல் பலர் தவிக்கிறார்கள்.

அந்தத் தவிப்பு நியாயமானது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலையில் ஜொகூர் பாருவில் நடந்ததை நாம் மறக்க முடியாது. பிரேக் இல்லாமல் மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் நெடுஞ்சாலை போன்ற ஒரு சாலையில் கூட்டமாகப் போன சிறுவர்கள்மீது கார் மோதி, எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். யார் மீது குற்றம் என்பதை நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் விசாரித்தன. அதற்குள் நான் போகவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சைக்கிள் ஓட்ட ஆசைப்படும் ஒரு பிள்ளைக்கு, கார் வராத, லாரி வராத ஓர் இடத்தை நாம் காட்டியிருக்கிறோமா?

அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. காட்டுக்கு நடுவில், குளத்துக் கரையில், சரளைக்கல்லும் செம்மண்ணும் போட்ட பாதைகளாக அவை இருக்கின்றன. அவற்றைப் பற்றியும், அங்கே எப்படி ஓட்டுவது என்பது பற்றியும் இன்று விளக்கமாகச் சொல்கிறேன்.

புதுப் பெயர், பழைய பழக்கம்

இப்போது இளைஞர்கள் "கிரேவல் சைக்கிள்" என்று ஒன்றைச் சொல்கிறார்கள். கிரேவல் என்றால் சரளைக்கல். தார்ச் சாலையை விட்டு விலகி, சரளைப் பாதையிலும் மண்பாதையிலும் நெடுந்தூரம் போவதற்காகச் செய்யப்பட்ட சைக்கிள் அது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரில் 2006ஆம் ஆண்டு முப்பத்துச் சொச்சம் பேரோடு ஒரு சரளைப்பாதைப் பந்தயம் தொடங்கியது. இன்று அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் வெனெட்டோ வட்டாரத்தில் முதலாவது உலக வெற்றியாளர் போட்டியும் நடந்தது.

ஆனால் நேயர்களே, நம்முடைய பெரியவர்களுக்கு இது புதிதா? மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பால்மரக் காட்டுக்கு நடுவே செம்மண் சாலை. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் பழைய ஈய லம்பத்துக் குட்டை. கேரியரில் ஒரு பிள்ளை, முன் கம்பியில் இன்னொரு பிள்ளை. மழை பெய்தால் சக்கரம் சேற்றில் புதையும், இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தச் சைக்கிளுக்குத் தனிப் பெயர் இல்லை. பாதைக்கும் தனிப் பெயர் இல்லை. அவர்களுக்கு அது அன்றாடப் பயணம். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டில் வளர்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாதையைத் தேடிப்போய்க் காட்ட வேண்டியிருக்கிறது.

டயரில் இருக்கிறது சூட்சுமம்

சாதாரணச் சைக்கிளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று நெறியாளர் சற்று முன்பு கேட்டார். முக்கியமான வேறுபாடு டயரில் இருக்கிறது.

பந்தயச் சாலைச் சைக்கிளின் டயர் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். கிரேவல் சைக்கிளின் டயர் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். டயர் அகலமானால் அதே எடையைத் தாங்கக் குறைந்த காற்றழுத்தமே போதும். காற்றழுத்தம் குறைந்த டயர் ஒரு கல்லின்மேல் ஏறும்போது, அந்தக் கல்லைச் சுற்றிச் சற்று நெளிந்து கொடுக்கிறது. கல்லைப்போல் இறுகிய டயர் நெளியாது. அது வண்டியையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடும். அப்படித் தூக்குவதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது? ஓட்டுபவரின் கால்களிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் சரளைப் பாதையில் காற்றை இறுக்கமாக அடித்துக்கொண்டு போகிறவர் சீக்கிரம் களைத்துப்போகிறார். கையும் முதுகும் அதிர்ந்து வலிக்கின்றன. தரையோடு படியும் பரப்பு அதிகமாக இருப்பதால், வளைவில் வழுக்குவதும் அகல டயரில் குறைவு.

அதற்காகக் காற்றை அளவுக்கு மீறிக் குறைக்கவும் கூடாது. குறைத்தால் கூரிய கல் டயரையும் உள்குழாயையும் சக்கர வளையத்தோடு நசுக்கிவிடும், பஞ்சர் ஆகும். டயரின் பக்கவாட்டில் குறைந்த அளவும் கூடிய அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில், உடல் எடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும். எடை குறைந்த பிள்ளைக்குக் குறைந்த அழுத்தம், எடை கூடிய தந்தைக்குக் கூடுதல் அழுத்தம்.

மற்ற வேறுபாடுகள் மூன்று. மேட்டில் எளிதாக ஏற உதவும் தாழ்ந்த கியர். சேற்றிலும் மழையிலும் நன்கு பிடிக்கும் டிஸ்க் பிரேக். மூன்றாவதாக, நீண்டநேரம் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காத அமைப்பு.

இதைக் கேட்டு உடனே ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. வீட்டில் இருக்கும் மலைச் சைக்கிளே போதும். அதுவும் இல்லையென்றால் வாடகைச் சைக்கிள் போதும். பாதை சரியாக இருந்தால், சாதாரண வண்டியிலேயே இந்த இன்பம் கிடைத்துவிடும்.

புலாவ் உபின்

சிங்கப்பூரின் வடகிழக்கே, ஜொகூர் நீரிணையில் இருக்கிறது உபின் தீவு. பரப்பளவு ஏறத்தாழ 1,020 ஹெக்டர். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து பம்போட் எனப்படும் சிறு படகில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். படகுக்குக் கால அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் புறப்படும். சொந்தச் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம். இல்லையென்றால் தீவில் இறங்கியதும் எதிரிலேயே வாடகைக் கடைகள் இருக்கின்றன.

இது முழுக்க முழுக்க வாகனமே இல்லாத தீவு என்று சொல்ல மாட்டேன். சில வேன்கள் ஓடுகின்றன. அவற்றுக்கு வழிவிட வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகளைத்தான் சந்திப்பீர்கள்.

உபின் என்றால் மலாயில் தரைக்குப் பதிக்கும் கல். பெயருக்கேற்ப இது கருங்கல் தீவு. 1851ல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924ல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கல் போனது. நூறாண்டுகளுக்கு மேலாகக் கல் உடைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்தார்கள். 1999ல் கடைசிக் கல்குவாரியும் மூடப்பட்டது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் மிகச் சிலரே.

கல் உடைத்த பள்ளங்கள் என்ன ஆயின? மழைநீர் நிரம்பிக் குளங்களாகிவிட்டன. பெக்கான் குவாரி, கெத்தாம் குவாரி, உபின் குவாரி என்று இன்று நாம் காணும் பச்சை நீர்நிலைகள் எல்லாம் மனிதன் தோண்டியவை. பெக்கான் குவாரியின் நடுவே உள்ள திட்டுகளில் நாரைகள் கூடு கட்டுகின்றன. கரையில் பார்வை மேடை இருக்கிறது. சிங்கப்பூரில் பல்லாண்டுகள் காணாமல் போயிருந்த இருவாட்சிப் பறவை 1990களில் இந்தத் தீவில்தான் மீண்டும் காணப்பட்டது. வெடி வைத்துப் பிளந்த இடத்தில் பறவை வந்து குடியேறுகிறது. காயத்தை ஆற்ற இயற்கைக்குத் தெரியும், நாம் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

முதன்முறை போகிறவர்கள் படகுத்துறையிலிருந்து கிழக்கே செக் ஜாவா நோக்கிப் போகலாம். தார் போட்ட பகுதியும் மண்பகுதியும் கலந்து வரும். சில கிலோமீட்டர்தான், ஆனால் மேடு பள்ளம் உண்டு. செக் ஜாவாவின் நடைப்பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்துதான் போக வேண்டும். ஓரளவு பழகியவர்கள் மேற்கே கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவுக்குப் போகலாம். 2008ல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா கெத்தாம் குவாரிக் குளத்தைச் சுற்றி அமைந்திருக்கிறது. பாதையின் கடினத்தை அடையாளக் குறிகள் காட்டும். நீலச் சதுரம் என்றால் நடுத்தரம். கறுப்பு வைரக் குறி என்றால் தேர்ந்தவர்களுக்கு மட்டும். இரட்டைக் கறுப்பு வைரத்தைக் கண்டால் பிள்ளைகளோடு போகிறவர்கள் திரும்பிவிடுவது நல்லது.

ரயில் போன வழி

தீவுக்குப் போக நேரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. உட்லண்ட்சிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நீளும் ரயில் பாதைத் தடம் அது. இங்கே 1903ல் ரயில் ஓடத் தொடங்கியது. 1932ல் பாதை திருத்தி அமைக்கப்பட்டு, தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி மலாயா ரயில் புறப்பட்டுப் போனது. மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது.

ரயில் போன பாதை சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது? காரணம் எளியது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது பிடிப்பு குறைவு. அதனால் ரயில் செங்குத்தாக ஏறாது, சட்டென்று திரும்பவும் திரும்பாது. பாதை போட்ட பொறியாளர்கள் 100 மீட்டர் தூரத்துக்கு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் உயராதபடி மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். ரயிலுக்காகச் செய்த அந்த வேலை, ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் இன்று உதவுகிறது. மூச்சு வாங்காமல் ஓட்டலாம்.

புக்கிட் தீமா பகுதியில் பழைய இரும்புப் பாலங்கள் அப்படியே இருக்கின்றன. 1932ல் கட்டிய புக்கிட் தீமா ரயில் நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2022ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இருபுறமும் மரங்கள் அடர்ந்து நிற்க, நடுவே புல்லும் சரளையும் கலந்த பாதை செல்கிறது. சாலை இரைச்சல் சில இடங்களில் காதில் விழும், ஆனால் வாகனம் குறுக்கே வராது. சாலையைக் கடக்க வேண்டிய ஒருசில இடங்களில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

இந்தத் தடத்தோடு நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும், பராமரித்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், ரயில்வே ஊழியர்கள் 1932ல் தண்டவாளத்தின் அருகே தொடங்கிய சிறு வழிபாட்டு இடத்திலிருந்து வளர்ந்தது. அந்தப் பாதையில் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, "உன் தாத்தா காலத்தில் நம் ஆட்கள் வெயிலில் நின்று போட்ட பாதை இது" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மலேசிய நேயர்களுக்கு ஒரு குறிப்பு. செம்பனைத் தோட்டங்களின் சரளைச் சாலைகளில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் அங்கே வளர்ந்து வருகிறது. அவை தனியார் நிலம். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டுப் போவதுதான் முறை. பழக்குலை ஏற்றும் லாரிகளும் டிராக்டர்களும் ஓடும் என்பதால், வேலை நடக்கும் நேரத்தில் அவற்றை வாகனம் இல்லாத பாதை என்று நம்பிவிடக் கூடாது.

மண்பாதையில் ஓட்டும் முறை

அடுத்து, ஓட்டும் முறை. தார்ச் சாலையில் நன்றாக ஓட்டுகிறவர்கூட மண்பாதையில் முதல் நாள் தடுமாறுவார். சில செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிரேக். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபிறகு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால், சரளையில் முன் சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். இரண்டு பிரேக்கையும் மெதுவாகச் சேர்த்துப் பிடிப்பதே சரி. சிங்கப்பூரில் பொது இடங்களில் ஓட்டும் சைக்கிளுக்கு வேலை செய்யும் கைப்பிரேக் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது 2022 பிப்ரவரியிலிருந்து சட்டம்.

இரண்டாவது, உடல். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கை சற்று மடங்கி இருக்கட்டும். குண்டும் குழியுமான இடத்தில் இருக்கையிலிருந்து சற்று எழுந்து, எடையைக் கால்களில் வையுங்கள். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. ஐந்தாறு மீட்டர் முன்னால் பாதையைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்.

மூன்றாவது, மழை. நம் நாட்டில் மதியத்துக்குப்பின் இடி மின்னலோடு மழை வருவது வழக்கம். நனைந்த செம்மண் வாழைப்பழத் தோல்போல வழுக்கும். வானம் இருட்டினால் திறந்த வெளியையும் தனி மரத்தையும் விட்டு விலகி, கூரையுள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். காலையில் சீக்கிரம் போய் மதியத்துக்குள் திரும்புவதே நல்லது.

நான்காவது, நீர்நிலை. இதைப் பெற்றோர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். குவாரிக் குளத்துக்குக் கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகும் சரிவு கிடையாது. சுவர்போல் வெட்டிய பாறை அது. ஓரத்திலேயே ஆழம் தொடங்கிவிடும். விழுந்தால் பிடித்து ஏற இடம் இருக்காது. பார்க்க அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் கைகால் கழுவக்கூட இறங்கக் கூடாது. வேலி போட்டிருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பாருங்கள்.

ஐந்தாவது, விலங்குகள். குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே உணவு என்று தெரியும். உணவைப் பைக்குள் மறைத்து வையுங்கள், கையில் தொங்கவிடாதீர்கள். காட்டுப்பன்றி எதிரே வந்தால் நின்றுவிடுங்கள். விரட்ட வேண்டாம், மணி அடிக்க வேண்டாம், படம் எடுக்க அருகில் போக வேண்டாம். அது தன் வழியில் போய்விடும்.

புறப்படும் முன் பிரேக், டயர், இருக்கையின் உயரம் மூன்றையும் சோதியுங்கள். வாடகைச் சைக்கிள் என்றால் கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சரியில்லையென்றால் மாற்றிக் கேளுங்கள். தலைக்கவசம், ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கொசு மருந்து, பஞ்சர் ஒட்டும் பொருள், சிறு பம்ப் ஆகியவை கூடவே இருக்கட்டும். உபினில் இருட்டும்முன் படகுத்துறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

பாதை எல்லாருக்கும் உரியது

வாகனம் வராத பாதையில் ஒரு புதிய ஆபத்து உண்டு. அந்த ஆபத்து நாமே. கார் இல்லாத இடத்தில் அதிக வேகமாகப் போவது சைக்கிள்தான். நடக்கும் முதியவருக்கும், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் தாய்க்கும் நாம்தான் லாரி. சிங்கப்பூரில் சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். கூட்டம் இருந்தால் அதுவும் அதிகம். தூரத்திலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு வணக்கம் சொல்லிக் கடந்து போகலாமே. புக்கிட் தீமா இயற்கை வனத்தில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதைகளில் சைக்கிளோடு நுழையக் கூடாது. புதுக் குறுக்குவழி போடவும் கூடாது. சக்கரம் ஓடி ஓடி மண் இறுகினால் அங்கே விதை முளைக்காது, மழைநீரும் கீழே இறங்காது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பாதைகள் தானாக நமக்குக் கிடைத்துவிடவில்லை. செக் ஜாவாவில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் அங்கே உள்ள உயிரினங்களைப் பதிவு செய்து எடுத்துச் சொன்னார்கள். 2001ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. கவனியுங்கள், தள்ளிவைத்தது. ரயில் தடத்தைப் பசுமைப் பாதையாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010ல் முன்மொழிந்தது. துண்டு துண்டாகப் பிரிந்து கட்டடங்களாகியிருக்கக்கூடிய நிலம், தொடர்ந்த ஒரே பாதையாக நிலைத்தது. சிறிய நாட்டில் வீடும் வேண்டும், சாலையும் வேண்டும். அந்தத் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஓர் இடத்தை மக்கள் பயன்படுத்துகிறார்கள், நேசிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அதற்காகப் பேச ஆள் இருக்கும்.

நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே ஒட்டாகோ மாநிலத்தின் உட்பகுதியில் 1990ல் ஒரு ரயில் பாதை மூடப்பட்டது. கிளைட், மிடில்மார்ச் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே 152 கிலோமீட்டர் தூரம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சரளை பரப்பி, 2000ஆம் ஆண்டு சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். ரயில் நின்றதால் சோர்ந்துபோன சிற்றூர்களில் தங்கும் விடுதியும் தேநீர்க் கடையும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையும் வந்தன. உபின் படகுத்துறையில் இளநீர் விற்கிறவரிடமும், சைக்கிள் வாடகைக்கு விடுகிறவரிடமும் நாம் செலவிடும் சில வெள்ளிகளும் அப்படித்தான். அந்தத் தீவில் கிராம வாழ்க்கை இன்னும் சில காலம் நிலைக்க அது உதவுகிறது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, "பார்த்துப் போ" என்று வாசலில் நின்று சொல்வது போதாது. நீங்களும் ஒரு வாடகைச் சைக்கிளில் ஏறி, முதல் சில தடவை கூடவே போங்கள். பிரேக் எப்படிப் பிடிப்பது, நடப்பவருக்கு எப்படி வழிவிடுவது, குளத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்பது என்பதையெல்லாம் உங்களைப் பார்த்துத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், ஒரு மணி நேரம் ஒதுக்கித் தொடங்குங்கள்.